வாவிக்கு வெளியே மூழ்கிய கப்பல்: 1942இல் இலங்கையைக் காக்கப் போட்ட கூட்டுத் திட்டம்

இரண்டாம் உலகப் போரில் இலங்கையைக் காக்கும் பொறுப்பைப் பிரித்தானியா தனியே சுமக்கவில்லை. சுமக்கும் நிலையிலும் இல்லை. 1942 பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் லண்டன், வாஷிங்டன், கன்பரா, புதுடில்லி ஆகிய தலைநகரங்களுக்கிடையே ஓடிய தந்திகளில்தான் இந்தத் தீவின் பாதுகாப்பு பேசி முடிவானது. அவுஸ்திரேலியக் காலாட்படை, கனடா நாட்டு விமானிகள், நெதர்லாந்துப் போர்க்கப்பல், இந்தியப் படைப்பிரிவு, கிழக்காபிரிக்கச் சிப்பாய்கள் என்று பல நாட்டவர் சில வாரங்களுக்குள் இங்கே வந்து இறங்கினர். இவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட காவலின் ஓட்டை எங்கே இருந்தது என்பது மட்டக்களப்புக் கடலில் வெளிப்பட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்பு வாவிக்கு நேரே கிழக்கில், ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், கிழக்கே உள்ள குடியேற்ற நாடுகளை எப்படிக் காப்பது என்று கேட்டால் லண்டனிடம் இருந்தது ஒரே விடைதான்: சிங்கப்பூர். அங்கே பெரிய கடற்படைத் தளம் ஒன்றைக் கட்டுவது, ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து முதன்மைக் கடற்படையை அங்கே அனுப்புவது. சிங்கப்பூர் நின்றால் அதற்குப் பின்னால் உள்ள இந்து சமுத்திரம் தானாகவே பாதுகாப்பாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதனால் இலங்கைக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கப்படவில்லை. கொழும்பிலும் திருகோணமலையிலும் கடலைப் பார்த்த பீரங்கிகள் சில, உள்ளூர்த் தொண்டர் படைகள், திருகோணமலையில் கப்பல்களுக்கான எண்ணெய்த் தாங்கிகள் என்ற அளவில்தான் ஏற்பாடு இருந்தது. வானத்திலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்க ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

நேச நாடுகள் கூடிப் பேசாமல் இருந்தன என்று சொல்ல முடியாது. 1940 ஒக்டோபரிலும் 1941இலும் சிங்கப்பூரில் பாதுகாப்பு மாநாடுகள் நடந்தன. 1941 ஏப்ரலில் அமெரிக்கர், ஒல்லாந்தர், பிரித்தானியர் மூன்று தரப்பு அதிகாரிகளும் அங்கே உட்கார்ந்து ஒரு திட்டத்தை எழுதினார்கள். வாஷிங்டன் அதை ஏற்க மறுத்தது. பிலிப்பைன்ஸை எண்ணி அமெரிக்கா, ஜாவாவின் எண்ணெயை எண்ணி ஒல்லாந்தர், சிங்கப்பூரை எண்ணி பிரித்தானியர், தங்கள் கண்டத்தை எண்ணி அவுஸ்திரேலியர் என்று ஒவ்வொருவரும் தத்தம் கரையைத்தான் வரைபடத்தின் நடுவில் வைத்துப் பார்த்தார்கள். யாருடைய கப்பல் யாருடைய கட்டளையில் ஓடும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே போர் வந்துவிட்டது.

1941 டிசம்பர் 10ஆம் திகதி, சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட பிரின்ஸ் ஒப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெருங்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மலாயாக் கடலில் மூழ்கடித்தன. அதன் பிறகு அமெரிக்கா, பிரித்தானியா, நெதர்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நான்கின் படைகளும் ஜெனரல் வேவலின் தலைமையில் ஒரே கட்டளையகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஜனவரி 15இல் அவர் பொறுப்பேற்றார். பெப்ரவரி 25இல் அந்தக் கட்டளையகமே கலைக்கப்பட்டது. இடையில், பெப்ரவரி 15இல், சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. அதே நாட்களில் ஜாவாவும் போனது. மார்ச் 23இல் ஜப்பானியர் அந்தமானில் இறங்கினார்கள். பின்னணியில் இருந்த இலங்கை ஆறே வாரத்தில் முன்னரங்காகிவிட்டது.

ஒரு சிறிய தீவுக்காக இத்தனை தலைநகரங்கள் கவலைப்பட்டதற்குக் காரணம் கடற்பாதை. பாரசீகக் குடாவிலிருந்து எண்ணெய் வரும் வழி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி எகிப்துப் போர்முனைக்குச் செல்லும் வழி, ஈரானூடாகச் சோவியத் ஒன்றியத்துக்கு ஆயுதம் போகும் வழி, இந்தியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்குமான வழி எல்லாமே இலங்கையிலிருந்து எட்டக்கூடிய கடலில் ஓடின. கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானியர் கையில் விழுந்தால் அத்தனை வழிகளும் அவர்கள் விருப்பத்துக்கு உட்படும். இன்னொன்று இறப்பர். மலாயாவும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளும் போன பிறகு, நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கைத் தோட்டங்களிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

தரைப்படைக்கு ஆள் தேடியபோதுதான் நேச அரசுகளுக்கிடையே இருந்த முரண்பாடு முழுமையாக வெளிவந்தது. மத்திய கிழக்கில் போரிட்ட அவுஸ்திரேலியப் படைப்பிரிவுகள் அப்போது தாயகம் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைப் பர்மாவுக்குத் திருப்ப வேண்டும் என்று பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் வற்புறுத்தினார். அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் கேர்டின் பதில் சொல்லும் முன்பே கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்பவும் உத்தரவிட்டார். கேர்டின் மறுத்துவிட்டார். தன் நாட்டு வாசலில் எதிரி நிற்கும்போது தன் படை தன் நாட்டுக்கே வரவேண்டும் என்பது அவர் நிலை. கப்பல்கள் திரும்பிவந்து கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு தெற்கே போயின. ரங்கூன் எந்த வேகத்தில் விழுந்தது என்று பார்த்தால், கேர்டினின் மறுப்பு அந்தப் படையைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இலங்கை விடயத்தில் அதே கேர்டின் இணங்கினார். இந்து சமுத்திரக் கடற்பாதை அறுந்தால் அவுஸ்திரேலியாவும் தனித்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். 6ஆம் படைப்பிரிவின் 16ஆம், 17ஆம் பிரிகேட்டுகளைத் தற்காலிகமாக இங்கே நிறுத்த மார்ச் தொடக்கத்தில் ஒப்புக்கொண்டார். சில வாரம் என்று வந்தவர்கள் யூலை வரை தங்கினார்கள். தீவின் தென்மேற்கில் முகாமிட்டுக் காட்டுப் போருக்குப் பயிற்சி எடுத்தார்கள். பாலைவனத்தில் போரிட்டுப் பழகியவர்களுக்கு இறப்பர்த் தோட்டமும் மழைக்காடும் புதியவை. அவர்களில் 16ஆம் பிரிகேட், அந்த ஆண்டின் இறுதியிலேயே நியூகினியின் கொக்கோடா மலைப்பாதையில் ஜப்பானியரை எதிர்த்து நின்றது. அவர்களோடு 34ஆம் இந்தியப் படைப்பிரிவும் ஒரு பிரித்தானியப் பிரிகேட்டும் 21ஆம் கிழக்காபிரிக்கப் பிரிகேட்டும் இலங்கையில் நிறுத்தப்பட்டன. இந்தியரும் ஆபிரிக்கரும் தாங்களே குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டவர்கள். ஒரு குடியேற்ற நாட்டைக் காக்க இன்னொரு குடியேற்ற நாட்டின் பிள்ளைகள் கடல் கடந்து வந்தார்கள் என்பது இந்தக் கதையில் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படும் பகுதி.

இத்தனை தரப்பையும் ஒரே கையில் பிடிக்க அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் நியமிக்கப்பட்டார். மார்ச் 5இல் வந்திறங்கிய அவருக்கு முப்படை மீதும் குடிசார் நிர்வாகத்தின் மீதும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. ஆளுநர் அன்ட்ரூ கால்டெகொட்டே அவருக்குக் கீழ்ப்பட வேண்டியதாயிற்று. பிரித்தானிய ஆட்சியில் இது அரிதான ஏற்பாடு. சிங்கப்பூரில் ஆளுநர் ஒரு பக்கமும் தளபதிகள் ஒவ்வொரு பக்கமுமாக இழுத்து நாசமானதிலிருந்து கற்ற பாடம் அது. லேட்டன் போர்ச் சபை ஒன்றை அமைத்தார். சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலக்கவிடம் உணவு, தீயணைப்பு, வெளியேற்றம் போன்ற பொறுப்புகள் குவிந்தன.

விமானங்கள்தான் மிக அவசரம். மார்ச் தொடக்கத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் பறந்து வந்து இறங்கின. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையே விமான ஓடுபாதையாக மாற்றினார்கள். திருகோணமலைக்கு அருகே சீனன்குடாவில் ஓர் அணி நின்றது. தெற்கே கொக்கலை வாவியில் கனடாவின் 413ஆம் அணி கட்டலினா கடல் விமானங்களோடு வந்து சேர்ந்தது. ஜாவாவிலிருந்து தப்பிவந்த நெதர்லாந்துக் கட்டலினாக்களும் இலங்கைக்கு வந்தன. கூட்டுத் திட்டம் மிகத் தெளிவாகப் பலன் தந்தது இந்தக் கடல் விமானங்களில்தான். ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் தீவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 350 மைலில் ஜப்பானியக் கடற்படையைக் கண்டுபிடித்தார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் சிறைப்பட்டார். ஆனால் செய்தி கொழும்பை அடைந்துவிட்டது.

கடற்படை அட்மிரல் ஜேம்ஸ் சொமர்வில்லின் பொறுப்பில் இருந்தது. ஐந்து பெரும் போர்க்கப்பல்கள், மூன்று விமானந்தாங்கிகள், நெதர்லாந்தின் ஹீம்ஸ்கேர்க் உட்படப் பல குரூசர்கள், அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல்கள் என்று பட்டியல் பெரிதாகத்தான் இருந்தது. போர்க்கப்பல்கள் ஐந்தும் முதலாம் உலகப் போர்க் காலத்தவை. அவற்றில் நான்குக்கு வேகமும் குறைவு, நன்னீர் சேமிப்பும் குறைவு. எதிரே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கீழ் ஐந்து விமானந்தாங்கிகளும் ஏறக்குறைய 300 விமானங்களும் வந்துகொண்டிருந்தன. மாலைதீவின் தென்கோடியில் அட்டு அற்றோலில் இரகசியத் தளம் ஒன்றை அமைத்து, பகலில் ஒதுங்கி இரவில் தாக்குவது சொமர்வில்லின் எண்ணம். எதிரி ஏப்ரல் முதலாம் திகதியளவில் வருவான் என்று மறைகுறி உடைப்பாளர்கள் சொன்னார்கள். மூன்று நாள் காத்துப் பார்த்தார். எதிரி வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் தீர, படையை அட்டுவுக்கு அழைத்துச் சென்றார். கோர்ன்வோல், டோர்செட்சயர் என்ற இரு குரூசர்களைக் கொழும்புக்கும், ஹேர்மிஸையும் அவுஸ்திரேலிய நாசகாரியான வாம்பயரையும் திருகோணமலைக்கும் அனுப்பினார். மடகஸ்காரைப் பிடிக்கும் இன்னொரு நடவடிக்கைக்கு ஹேர்மிஸ் ஆயத்தமாக வேண்டியிருந்தது.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பு தாக்கப்பட்டது. பேர்ச்சலின் செய்தியால் துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தன. ஆனால் குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை கொழும்புக்கு அருகே இரத்மலானையில் ஹரிக்கேன்கள் தரையிலேயே நின்றன. அன்று பிற்பகல் கோர்ன்வோலும் டோர்செட்சயரும் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள்.

அடுத்த முறை திருகோணமலைக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி கடல் விமானம் ஒன்று மறுபடியும் எதிரியைக் கண்டு சொன்னதும், துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டன. கரையோரமாகத் தெற்கே போய், தாக்குதல் முடிந்ததும் திரும்பிவருவது ஏற்பாடு. அப்படித்தான் ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலுக்கு வந்தது.

மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டது. ஆனால் ஆழம் குறைவு. பாலமீன்மடுப் பக்கத்தில் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை மணல்திட்டு மூடிவிடும். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. வள்ளங்களும் தோணிகளும் ஓடும் நீர் இது. போர்க்கப்பல் ஒதுங்கும் இடமல்ல. கரையை ஒட்டிப் போகும் கப்பலுக்கு இங்கே அடைக்கலம் எதுவும் கிடையாது. அதற்கு இருந்த ஒரே பாதுகாப்பு, 60 மைலுக்கு அப்பால் சீனன்குடாவில் நின்ற போர் விமானங்கள்தான்.

1924இல் சேவைக்கு வந்த ஹேர்மிஸ், விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல். அன்று காலை அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. இருந்த சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் தரையில் இறக்கப்பட்டிருந்தன; அவையும் போர் விமானங்கள் அல்ல. காலை ஏழரை மணியளவில் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹரிக்கேன்கள் அங்கே போரிட்டன, பல வீழ்ந்தன, விமானத்தளமும் சேதமானது. ஏறக்குறைய ஒன்பது மணிக்கு ஜப்பானிய உளவு விமானம் ஒன்று ஹேர்மிஸைக் கண்டுவிட்டது. வான் பாதுகாப்பின் எல்லைக்குள் வருவதற்காகக் கப்பல் வடக்கே திரும்பியது. பாதுகாப்புக் கேட்டுச் செய்தியும் போனது. தாக்குண்ட சீனன்குடாவோடு தொடர்பு சீராக இல்லை. அனுப்பக்கூடிய விமானங்களும் எஞ்சவில்லை. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட ஃபுல்மார் போர் விமானங்கள் தீவைக் குறுக்கே கடந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பத்தரை மணிக்குப் பிறகு ஏறக்குறைய 80 குண்டுவீச்சு விமானங்கள் சூரியன் இருந்த பக்கத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தன. ஹேர்மிஸ் மீது 40 குண்டுகளளவில் விழுந்ததாகக் கணக்கிட்டார்கள். இருபது நிமிடமளவில் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. கப்டன் றிச்சர்ட் ஒன்ஸ்லோவும் அதோடு போனார். வாம்பயரும் தொடர்ந்து மூழ்கியது. ஹொலிஹொக் என்ற காவற்கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அன்று இந்தக் கிழக்குக் கடலிலேயே பலியாயின. அருகே போய்க்கொண்டிருந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பலை ஜப்பானியர் தாக்கவில்லை. அது நீரில் தத்தளித்த ஏறக்குறைய 600 பேரைத் தூக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

பல அரசுகள் சேர்ந்து திரட்டிய படைகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. ஆனால் கப்பலை வெளியேற்ற உத்தரவிட்டவர்களும் அந்தக் கப்பலுக்கு மேலே விமானம் நிற்க வேண்டும் என்று பார்க்க வேண்டியவர்களும் ஒரே கணக்கில் வேலை செய்யவில்லை. உளவு சரியாக இருந்தது, எச்சரிக்கை நேரத்துக்கு வந்தது, துறைமுகம் காலியானது. வெளியேறிய கப்பல்கள் எங்கே போய் யார் நிழலில் நிற்கும் என்ற இடத்தில்தான் திட்டம் அறுந்தது. அதே காலையில் ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் பாதுகாப்பு விமானம் இல்லாமலே பறந்து நகுமோவின் கப்பல்களைத் தாக்கின. குண்டுகள் அகாகி கப்பலுக்கு அருகே விழுந்தன, படவில்லை. ஐந்து விமானங்கள் இழக்கப்பட்டன.

ஜப்பான் இலங்கையில் படை இறக்கவில்லை. ஜப்பானியக் கடற்படை அப்படி ஒரு யோசனையை முன்வைத்தது உண்மை; தரைப்படை அதற்குச் சிப்பாய்களைக் கொடுக்க மறுத்துவிட்டது. நகுமோ கிழக்கே திரும்பினார். யூன் மாதம் மிட்வே போரில் அவருடைய விமானந்தாங்கிகளான அகாகி, சொரியு, ஹிரியு மூன்றும் அமெரிக்க விமானங்களால் அழிந்தன. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரையின் கிளிண்டினிக்குப் பின்வாங்கியது. ஆகவே இலங்கையைக் காத்தது கூட்டுத் திட்டம் மட்டும் என்று சொல்வது மிகை. எதிரியின் தரைப்படைக்கும் கடற்படைக்கும் ஒத்துப்போகாததும் சேர்ந்தே காத்தது.

இந்த ஏற்பாடுகள் எதிலும் இலங்கை மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. அரசாங்க சபையும் அமைச்சர்களும் இருந்தார்கள். ஆனால் பாதுகாப்பு அவர்களுடைய அதிகாரத்துக்கு வெளியே இருந்தது. போரை எதிர்த்ததற்காகச் சிறையிலிருந்த இடதுசாரித் தலைவர்கள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் அதே ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். அடுத்த மாதம் கொக்கோஸ் தீவில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கிளர்ந்தெழுந்தனர். மூவர் தூக்கிலிடப்பட்டனர்.

மட்டக்களப்பு வாவிக்கரை அதற்கு முன்பும் ஒரு கூட்டணியைக் கண்டிருக்கிறது. 1638 மே 18இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் சேர்ந்து புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயக் கோட்டையைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை கைச்சாத்தானது. பிடித்த கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்ற நிபந்தனை அரசனுடைய பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. பிற்பாடு எழுந்த பகைக்கு அதுவும் ஒரு வேர். அன்று தீவின் அரசன் ஒருவன் ஒப்பமிடவாவது உட்கார்ந்தான். 1942இல் அந்த இடமும் இல்லை.

ஹேர்மிஸ் இன்று கரையிலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றரில், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அனுபவமுள்ள சுழியோடிகள் மட்டுமே அங்கே இறங்கலாம். வடக்கே ஆழம் குறைந்த நீரில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் சுழியோட வருவோருக்கு எளிதான இடம்.

சாதாரண மக்களின் வாழ்வில் அந்த ஆண்டு விட்டுச்சென்ற பெரிய மாற்றம் அரிசியில் வந்தது. போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூன் விழுந்ததோடு அது நின்றுபோனது. 1942இல் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. உள்ளூர் நெல்லை அரசே விலை நிர்ணயித்து வாங்கத் தொடங்கியது. மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களின் நெல்லுக்கு அரசு ஒரு நேரடி வாடிக்கையாளரானது. பங்கீட்டுப் பொருளை வழங்க ஊர்தோறும் சங்கக்கடைகள் பெருகின. போர் 1945இல் முடிந்தது, பங்கீட்டுக் கூப்பன் முடியவில்லை. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை அரசு உயர்த்தியபோது நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். போர்க்கால அவசரத்துக்கென்று வந்த அந்தப் பங்கீடு, 1979இல் உணவு முத்திரைத் திட்டம் வரும்வரை இருந்தது.